பெயிண்டு வாளிச் சுரங்கம்

கொச்சி மட்டாஞ்சேரியில் பாண்டியராஜனின் மோட்டார் வைண்டிங் கடைக்குள் ஒரு கனிமச் சுரங்கம் இருப்பதை அரசாங்கத்தின் அபூர்வ மண் தன்னிறைவு இயக்ககம் கண்டுபிடித்தபோது செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. அதற்கு முந்தின நிமிடம் வரை அது ஒரு பெயிண்டு வாளி.

வாளிக்குள் கிடந்தவை உடைந்த காந்தங்கள். மின்சார ஆட்டோவின் மோட்டாரைப் பிரித்தால் உள்ளே சுற்றும் உருளையில் வரிசையாக ஒட்டியிருக்குமே, அவைதான். அபூர்வ மண் என்று பேர் வைத்திருக்கிற உலோகங்களைச் சேர்த்துச் செய்கிறார்கள். ஆள் சின்னது, இழுவை பெரிது. ஒரே குறை, உப்புக் காற்று ஆகாது. மட்டாஞ்சேரியில் வேறு காற்று கிடையாது. மேல்பூச்சு உரிந்தால் துரு ஏறிப் பொரிந்து உதிர்ந்துவிடும், ஆட்டோ நடுரோட்டில் நிற்கும். முன்பெல்லாம் கம்பெனிக்குச் சொன்னால் பத்து நாளில் புது மோட்டார் வந்தது. சீனாக்காரன் ஏற்றுமதியை இறுக்கிய பிறகு மோட்டாருக்குப் பதிலாக வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் வந்தது. நல்ல தாளில் வந்தது.

செல்வலட்சுமியின் ஆட்டோவும் அப்படித்தான் தோப்பும்படி முக்கில் நின்றுபோனது. செல்வலட்சுமி பாண்டியராஜனின் மனைவி. இருவரும் ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறார், அவள் ஜூ டவுன் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறாள். அந்த ஸ்டாண்டில் ஓர் இடம் கிடைக்க அவள் நாலு வருஷம் காத்திருந்தாள். யூதர்களின் பழைய கோயிலான சினகாக் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் புண்ணியத்தில் வீடு நடப்பது அந்த இடத்தால்தான். ஸ்டாண்டில் ஒரு சட்டம் உண்டு. தொடர்ந்து அறுபது நாள் வண்டி வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆட்கள் முப்பத்தேழு பேர் இருந்தார்கள். செல்வலட்சுமியின் வண்டி நின்று எத்தனை நாள் ஆயிற்று என்பது அவளைவிட அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

கம்பெனி நாலு மாதம் ஆகும் என்றது. பாண்டியராஜன் தலையில் கைவைத்து இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் ஆக்ரிக் கடையில், பழைய சாமான் எடுக்கிற இடத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகள் குவிந்து கிடப்பதைப் பார்த்தார். அவற்றின் பின்னால் கறுப்பாக, தோசைக்கல் மாதிரி இருக்கும் காந்தத்தில் அபூர்வ மண் எதுவும் கிடையாது. இழுவை குறைவு, ஆனால் துருப்பிடிக்காது. அதை அறுத்து, தேய்த்து, உருளையைப் பெரிதாக்கி, காயிலை மாற்றிக் கட்டி, வண்டி நின்ற நாற்பதாம் நாள்வரை மல்லுக்கட்டி ஒரு மோட்டார் செய்துவிட்டார். மேசைமேல் பிடித்துச் சுழலவிட்டால் நின்று நிதானமாகச் சுற்றியது. நாற்பத்தோராம் நாள் வண்டியில் மாட்டவேண்டியது மட்டும்தான் பாக்கி.

அந்த நாற்பத்தோராம் நாள்தான் செவ்வாய்க்கிழமை. ஒரு நிருபர் கடைக்கு வந்து சாயா குடித்துவிட்டுப் போய், "மட்டாஞ்சேரியில் அபூர்வ மண் குவியல்" என்று எழுதியிருந்தார். இயக்ககத்தின் புவியியல் அதிகாரி ஸுப்ரியா மூன்று ஆட்களோடு வந்து இறங்கினார். ஒருவர் கையில் டேப், ஒருவர் கையில் கொடி, மூன்றாமவர் கையில் மற்ற இருவருடைய சாப்பாட்டுப் பை.

"சேட்டா, இந்த நிக்ஷேபம் எப்போ தொட்டு இங்க உண்டு?" என்றார் ஸுப்ரியா. எர்ணாகுளத்துக்காரர், தமிழர்களிடம் தமிழிலேயே பேசுவதாக அவருடைய நம்பிக்கை.

"எது மேடம்?"

"நிக்ஷேபம். பூமிக்குள்ள கிடக்கிறது."

"இது பூமிக்குள்ள இல்ல மேடம். வாளிக்குள்ள கிடக்கு."

ஸுப்ரியா அதைக் குறித்துக்கொண்டார். டேப்பை வாளிக்குள் விட்டு அளந்தார்கள். ஆழம் முப்பத்தொரு சென்டிமீட்டர். மேலே கிடந்த நட்டு, போல்ட்டு, ஒரு காலி பீடிக்கட்டு ஆகியவை கனிமத்தை மூடியிருக்கும் மேல்மண் என்று பதிவாயின. வாளிக்குப் பக்கத்தில் கொடி நட வேண்டும். தரை சிமெண்டாக இருந்ததால் கொடிக்காரர் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு நோட்டீசைக் கொடுத்தார்கள். கனிமப் பாஸ் இல்லாமல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த வளத்தை வைத்திருப்பதால், இரண்டு நாளுக்குள் அதை உரிய படிவங்களோடு ஒப்படைக்க வேண்டும்.

"இப்பவே தூக்கிட்டுப் போங்க மேடம்," என்றார் பாண்டியராஜன்.

"அதெப்படி? பாஸ் இல்லாத்த மண்ணை நாங்க எப்படி கொண்டுபோறது?"

பாஸ் வாங்கக் காக்கநாட்டில் இயக்ககத்தின் ஆபீசுக்குப் போகவேண்டும், முப்பத்திரண்டு பக்கம் நிரப்பவேண்டும். அதற்குள் மோட்டாரை மாட்டிவிட்டால் போதும், வாளி எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று நினைத்தார் பாண்டியராஜன். உட்கார்ந்து ஒரு மனு எழுதினார். அவர் மலையாளம் படித்தது பஸ் போர்டுகளில். எழுத்தெல்லாம் குண்டு குண்டாக நன்றாகவே வரும். வார்த்தைக்கு முட்டினால் தமிழ் வார்த்தையை மலையாள எழுத்தில் எழுதிவிடுவார், இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. மனுவும் இரண்டே வரி. வாளி விஷயமாக எனக்குப் பத்து நாள் அவகாசம் வேண்டும். தயவுசெய்து தரவேண்டும்.

தமிழில் அவகாசம் என்றால் கொஞ்சம் நேரம், கெடு. மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. அந்த மனுவை எழுதியவர் தவணை கேட்டார். படித்தவர்களோ, மட்டாஞ்சேரியில் ஒருவன் அபூர்வ மண்மீது பத்து நாள் உரிமை கோருகிறான் என்று படித்தார்கள்.

காக்கநாட்டில் அன்று லட்டு கொடுத்தார்களாம். காரணம் இருந்தது. இயக்ககத்தில் உரிமைகோருவோர் நலப்பிரிவு என்று ஒன்று மூன்று வருஷமாக இயங்கிவந்தது. பதினோரு பேர், ஒரு வேன், சொந்தமாக ஒரு சின்னம். உரிமை கோர மட்டும் ஆள் வரவில்லை. இப்போது வந்துவிட்டான், அதுவும் தன் கையெழுத்திலேயே கேட்டு. கோரப்பட்ட உரிமையைப் பாதுகாப்பது கடமை அல்லவா? புதன்கிழமை மனு போனது, வியாழக்கிழமை காலை கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். வாளி உள்ளே, மோட்டாரும் உள்ளே. மூன்று வருஷத்தில் இயக்ககம் வேகமாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

"அப்படி என்னத்த எழுதிக் குடுத்தீக?" என்றாள் செல்வலட்சுமி. பூட்டின்மேல் அரக்கு இன்னும் சூடாக இருந்தது.

"டைம்தான் கேட்டேன் செல்வி."

"டைம் கேட்டா கடையப் பூட்டுவாகளா? நாலு வருஷம் காத்துக் கெடந்து வாங்கின எடம். இன்னும் பதினேழு நா இருக்கு. நீங்க எழுதினத நீங்களே போய் அழிச்சிட்டு வாங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

அடுத்த செவ்வாய் அவரைக் காக்கநாட்டுக்கு அழைத்தார்கள். கண்ணாடிக் கட்டடம், ஆறாவது மாடி. வாசலில் விருந்தாளி அட்டை ஒன்றைச் சட்டையில் மாட்டிவிட்டார்கள். ஊக்கு கிடையாது, சட்டைக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்றாகக் குட்டிக் காந்தம் வைத்துப் பிடிக்கும் சாதி. பாண்டியராஜன் அதைக் கழற்றி ஒருமுறை பார்த்தார். அபூர்வ மண் காந்தம், சந்தேகமே இல்லை.

"வெளிநாட்டுச் சரக்கு," என்றார் காவலாளி பெருமையாக. "தடை வர்றதுக்கு முந்தியே ரெண்டாயிரம் வாங்கி வச்சாச்சு. போகும்போ திருப்பித் தரணும் கேட்டோ."

இயக்குநர் வெங்கடேஸ்வரன் எழுந்து நின்று வரவேற்றார். பாலக்காட்டுத் தமிழர், மூன்று தலைமுறைக்கு முன் தஞ்சாவூரிலிருந்து வந்த குடும்பம். நெற்றியில் சந்தனம், சுவரில் கருத்தரங்குப் படங்கள்.

"வாங்கோ, உக்காருங்கோ. நம்மளோட முதல் அவகாசியாக்கும் நீங்க. நானும் தமிழ்தான், கேட்டேளா."

பாண்டியராஜனுக்கு உயிர் வந்தது. "சார், நீங்க தமிழா இருக்கறது நல்லதாப் போச்சு. நான் கேட்டது அவகாசம் சார்."

"தெரியறதே. தந்தாச்சே."

"அந்த அவகாசம் இல்ல சார். தமிழ் அவகாசம்."

"அவகாசத்துல தமிழ் மலையாளம்னு என்ன பேதம்? எல்லாருக்கும் ஒரே அவகாசம்தான். அரசியல் சாசனமே அதைத்தானே சொல்றது."

"நேரம் சார். நான் கேட்டது நேரம்."

வெங்கடேஸ்வரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணே கால்," என்றார். அவர் வீட்டில் தமிழ் பேசினார், ஆபீசில் மலையாளத்தில் கையெழுத்திட்டார். அந்த வார்த்தை ஆபீஸ் பக்கத்தில் இருந்ததே தவிர வீட்டுப் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை.

சாயா வந்தது. பாண்டியராஜன் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, கடையை எப்போது திறப்பீர்கள் என்று கேட்டார். அதற்குப் பதிலாக வெங்கடேஸ்வரன் இயக்ககத்தின் சாதனைகளை விளக்கினார்.

"மூணு வருஷத்துல நூத்திப் பதினாலு கருத்தரங்கு நடத்தியிருக்கோம். மண்ணு ஒரு கிராம்கூட எடுக்கலை. ஏன்னு கேளுங்கோ. எடுத்தா தீர்ந்து போயிடும். தீர்ந்து போனா தட்டுப்பாடு வரும். சப்ளையைக் காப்பாத்தணும்னா அதை யாரும் தொடப்படாது. இதாக்கும் நம்மளோட கொள்கை. வேற எந்த ராஜ்யமும் இவ்வளவு தூரம் யோசிச்சதில்லை."

"சரி சார். வாளிய நீங்களே வச்சுக்கங்க. மோட்டார மட்டும் குடுத்துருங்க. அதுல அபூர்வ மண்ணே கெடையாது. பழைய ஸ்பீக்கர் காந்தத்துல செஞ்சது."

வெங்கடேஸ்வரன் சாயாக் கோப்பையைக் கீழே வைத்தார். "அபூர்வ மண்ணு இல்லாம ஓடுமா?"

"ஓடும் சார். பாலம் ஏறுறப்ப கொஞ்சம் முக்கும். மத்தபடி ஓடும்."

இயக்குநர் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்தினார். திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னேளா?"

"பொண்டாட்டிகிட்ட சொன்னேன்."

"போறும், இனிமே சொல்லாதீங்கோ. நன்னா ஆலோசிச்சுப் பாருங்கோ. இந்த மோட்டாரை நாலு பேர் பார்த்துச் செய்ய ஆரம்பிச்சா அபூர்வ மண்ணுக்கு மார்க்கெட் இருக்காது. மார்க்கெட் இல்லைன்னா தட்டுப்பாடு இருக்காது. தட்டுப்பாடு இல்லைன்னா தன்னிறைவு எதுக்கு? இங்க நூத்தி நாப்பது பேர் வேலை பார்க்கறோம். எல்லாருக்கும் குழந்தை குட்டி இருக்கு. இதுக்குப் பேர் கண்டுபிடிப்பு இல்லை, சந்தைச் சீர்குலைவு."

ஆண்டிபட்டிக்காரர் ஒருவர் ஒலிபெருக்கியை அறுத்து நூற்று நாற்பது குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தார் என்பது இப்படித்தான் ஆவணத்தில் ஏறியது. ஐம்பதாம் நாள் சீலை உடைத்து மோட்டாரை எடுத்துப்போய்க் காக்கநாட்டில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். பெட்டியைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். கடைக்கு மறுபடி சீல் வைத்தார்கள். அன்றைக்குப் பாண்டியராஜன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அரசாங்க வேனின் முதுகுக்குக் கெட்ட வார்த்தை சொன்னார். தமிழில்தான் சொன்னார், அது யாருக்கும் தவறாகப் புரியவில்லை.

உரிமை என்று ஏற்றுக்கொண்டுவிட்டால் சுரங்கம் பற்றி ஊராரின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்பது விதி. ஐம்பத்து நாலாம் நாள் சந்துக்குள் பந்தல் போட்டு, மைக் கட்டி, நாற்காலி அடுக்கினார்கள். பந்தல் கட்டும்போது வழி அடைந்துபோனதால் சுக்கு ஏற்ற வந்த லாரி திரும்பிப் போனது. கடையைத் திறந்து வாளியை மட்டும் எடுத்துச் சிவப்புத் துணி விரித்த மேசைமேல் வைத்தார்கள். கொடிக்காரர் பக்கத்தில் நின்றார்.

மிளகுக் கிடங்குக்காரர் எழுந்து, வெடி வைப்பீர்களா, என் சுவர் ஏற்கெனவே விரிசல் என்றார்.

"வாளிக்கு வெடி வைக்கற உத்தேசம் தற்காலம் இல்ல," என்றார் ஸுப்ரியா. தற்காலம் என்ற சொல்லின் கீழ் கோடு போட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

ஒரு சேச்சி எழுந்து, எட்டு நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை என்றார். சுரங்கத்துக்குத் தண்ணீர் தேவையில்லை என்று ஸுப்ரியா விளக்கினார். ஆகையால் தண்ணீர் விஷயத்தில் மக்களுக்கும் இயக்ககத்துக்கும் முரண்பாடு எதுவும் இல்லை என்று அறிக்கையில் எழுதினார்கள். பாண்டியராஜன் எழுந்து, எனக்கு உரிமை வேண்டாம், மோட்டார் வேண்டும் என்று மைக்கில் சொன்னார். உரிமையைத் துறக்க விரும்புகிறவருக்கு முதலில் அது முழுமையாகக் கிடைத்திருக்க வேண்டும், அதற்கு எட்டு மாதம் பிடிக்கும் என்றார்கள். பிறகு எல்லாருக்கும் பழம்பொரி கொடுத்தார்கள். நன்றாக இருந்தது.

ஐம்பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் செல்வலட்சுமி ஸ்டாண்டுக்குப் போனாள். செக்ரட்டரி விஸ்வநாத் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல மனிதர். சட்டத்தையும் மீற முடியாது, அவளையும் நேரே பார்க்க முடியாது.

"விஸ்வநாத் சேட்டா, அந்த ரிஜிஸ்டர எடுங்க," என்றாள் அவள். "வண்டி வரணும்னு எழுதியிருக்கா, மோட்டாரும் வரணும்னு எழுதியிருக்கா?"

விஸ்வநாத் எடுத்துப் படித்தார். இரண்டாம் முறை விரல்வைத்துப் படித்தார்.

"வண்டி எத்தணும். அத்ரயே உள்ளூ." வண்டி வந்து சேரவேண்டும், அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. ரிஜிஸ்டரை மூடிவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். "நாளைக்கு எத்தற மணிக்கு தள்ளணும்?"

மறுநாள் ஞாயிறு. சுள்ளிக்கல்லில் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குள் கிடந்த ஆட்டோவை வெளியே எடுத்தார்கள். செல்வலட்சுமி காக்கிச் சட்டை மாட்டி ஹாண்டிலைப் பிடித்து உட்கார்ந்தாள். பின்னால் ஆறு பேர். பாண்டியராஜன், பக்கத்து வீட்டில் தங்கிக் கட்டட வேலை பார்க்கும் ஆண்டிபட்டிக்காரர்கள் மூவர், விஸ்வநாத், ஸ்டாண்டிலிருந்து வந்த இன்னொரு டிரைவர். நல்ல வெயில். வழியெல்லாம் சனம் வேடிக்கை பார்த்தது. செல்வலட்சுமி மட்டும் சவாரி போகிற மாதிரியே முன்னால் பார்த்து, வளைவுக்கு வளைவு கைகாட்டி ஓட்டினாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே தள்ளினார் பாண்டியராஜன். இப்படி ஒருத்தியை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தவர்கள் நாசமாய்ப் போகட்டும் என்று மனதாரச் சபித்தார்.

சபிக்கப்பட்டவர்கள் எதிரே வந்தார்கள். நூற்றுப் பதினைந்தாவது கருத்தரங்கு அன்றைக்கு ஜூ டவுன் ஓட்டல் ஒன்றில். கருத்தரங்குக்கு ஞாயிறு உண்டா? வெங்கடேஸ்வரனின் கார் நின்றது. அவரும் ஸுப்ரியாவும் இறங்கி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்கள். குனிந்து அடியிலும் பார்த்தார்கள்.

"இதுல அபூர்வ மண்ணு எத்தனை?" என்று கேட்டார் இயக்குநர்.

"ஒரு பொட்டு இல்ல சார்," என்றார் பாண்டியராஜன் மூச்சு வாங்கிக்கொண்டே. "அதத்தான் நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்களே."

"ஆனா ஓடறது."

"தள்ளுறோம் சார்."

"அது தொழில்நுட்பம். அதை எங்ககிட்ட விட்டுடுங்கோ."

ஸுப்ரியா போனை எடுத்து நாலு பக்கமும் படம் பிடித்தார். குறிப்பேட்டைத் திறந்து, செல்வலட்சுமியிடம் மைலேஜ் எவ்வளவு என்று கேட்டார்.

"ஆறு சாயாவுக்கு ஒரு கிலோமீட்டர்," என்றாள் அவள். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

நாலு மணிக்குள் ஆட்டோ ஸ்டாண்டில் அதன் இடத்தில் நின்றது. விஸ்வநாத் வியர்வை சொட்ட ரிஜிஸ்டரில் நேரத்தைக் குறித்தார். வரிசையில் காத்திருந்த முப்பத்தேழாவது ஆள்கூட வந்து கைகொடுத்துவிட்டுப் போனார். இடம் தப்பித்தது, இன்னும் அறுபது நாளுக்கு. மோட்டார் கறுப்புத் துணிக்குள்ளேயே இருந்தது. சவாரி கேட்டு வந்த வெள்ளைக்காரத் தம்பதியைச் செல்வலட்சுமி அடுத்த வண்டிக்குக் கைகாட்டி அனுப்பினாள்.

அடுத்த மாதம் இயக்ககத்தின் ஆண்டறிக்கை வந்தது. அட்டையில் அந்த ஆட்டோ, பின்னால் ஆறு பேர். அபூர்வ மண் துளியும் தேவைப்படாத வாகனத்தை இயக்ககம் வெற்றிகரமாகச் சோதித்துவிட்டது என்றும், பதினாலு மாவட்டங்களுக்கும் இது விரிவாக்கப்படும் என்றும் போட்டிருந்தார்கள். ஸுப்ரியா ஒரு பிரதியை ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருந்தார். பாண்டியராஜன் அதை வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். நாலாம் பக்கத்துக்கு வந்ததும் அவருடைய விரல் ஒரே வரியில் நின்றுவிட்டது.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் செல்வலட்சுமி.

"வண்டிக்கு இன்னும் முழுத் தன்னிறைவு வரலையாம். தள்ளுற ஆறு பேர்ல நாலு பேரு வெளி மாநிலமாம். அறுபத்தேழு சதவீதம் இறக்குமதின்னு போட்டிருக்கு."

"யாரு, நம்மளயா?"

"நம்மளத்தான்."

அவள் குனிந்து அட்டைப்படத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப திருப்பி அனுப்பப் போறாகளாமா?"

பாண்டியராஜன் விரலை நகர்த்தி அடுத்த வரியைப் படித்தார்.

"இல்ல. கையிருப்பு தீர்ற வரைக்கும் உபயோகிச்சுக்கலாம்னு எழுதியிருக்காக."